கல்லூரி வளாகத்துக்குள்ளேயே ஃபுட்பால் ஸ்டேடியம் கட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று "வளாகத்துக்குள்ளேயே ஸ்டேடியம் கட்டப்போகிறோம்" என்று அறிவித்துவிட்டால் போதும். மாணவர், பேராசிரியர், முன்னாள் மாணவர், பக்கத்துத் தெருக்காரர் எல்லோரும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். அங்கே படிக்கிற, பிள்ளைகளைப் படிக்கவைக்கிற தமிழர்களின் செமஸ்டர் பில்லிலும் இந்தச் செலவு ஒரு வரியாக வந்து உட்காரக்கூடும். அதனால், கட்டலாமா கூடாதா என்று பேசும்போது எதையெல்லாம் பார்க்கவேண்டும் என்பதைக் கேள்வி பதிலாகத் தருகிறோம்.

இது நாம் சொல்லும் கால்பந்துதானா?

இல்லை. ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கி ஓடும் அமெரிக்க ஃபுட்பால். இரு முனைகளிலும் உள்ள 10 கெஜ எண்ட் ஸோனையும் (பந்தோடு நுழைந்தால் புள்ளி கிடைக்கும் பகுதி) சேர்த்தால் ஆடுகளம் 120 கெஜ நீளம், 53⅓ கெஜ அகலம். ஏறக்குறைய 1.3 ஏக்கர். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் வழக்கமான சீசன் நவம்பர் கடைசியில் முடிந்துவிடும். கல்லூரி ஃபுட்பாலின் மேல்மட்டமான எஃப்.பி.எஸ். பிரிவில் ஓர் அணிக்கு 12 ஆட்டம். அதில் சொந்த மைதானத்தில் ஆடுவது பெரும்பாலும் 6 அல்லது 7.

இந்த எண்ணை மறக்காதீர்கள். கீழே வரும் கணக்கெல்லாம் அதில்தான் போய் முட்டும்.

வளாகத்துக்குள் ஸ்டேடியம் என்பது புதுப் பழக்கமா?

நூறு வருடத்துக்கும் மேலான பழக்கம். ஹார்வர்ட் 1903-இல் கான்கிரீட்டில் கட்டியது. ஒஹாயோ ஸ்டேட் 1922-இலும் மிச்சிகன் 1927-இலும் கட்டியவை இன்றும் லட்சம் பேர் உட்காரும் இடங்கள். ஹார்வர்ட் ஸ்டேடியத்தைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. ஆட்டத்தில் அடிபடுவதைக் குறைக்க மைதானத்தை அகலப்படுத்தலாம் என்று பேச்சு வந்தபோது, அந்தக் கான்கிரீட் சுவரை நகர்த்த வழியில்லை. பந்தை முன்னோக்கி எறிய 1906-இல் அனுமதி கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். ஒரு கட்டடம் ஆட்டத்தின் விதியையே வளைத்தது!

ஆனால் அன்றைக்கு நிலம் மலிவு, சுற்றிலும் வீடுகள் குறைவு. "மிச்சிகனில் இருக்கிறதே, நமக்கு ஏன் கூடாது?" என்ற வாதம் அங்கேயே இடறிவிடுகிறது.

வெளியே வாடகை மைதானத்தில் ஆடினால் என்ன குறை?

குறை உண்டு. பல வாடகை ஒப்பந்தங்களில் டிக்கெட் காசு மட்டும்தான் பல்கலைக்கழகத்துக்கு. பார்க்கிங், சாப்பாட்டுக் கடை, விளம்பரப் பலகை, சூட் (ஆட்டம் பார்க்கும் சொகுசுத் தனியறை) வாடகை ஆகியவற்றில் பெரும்பங்கு மைதானத்துக்காரர் பைக்குப் போகும். மைதானம் தொழில்முறை அணியினுடையது என்றால் தேதி விஷயத்தில் அவர்களுக்குத்தான் முதல் உரிமை. 70,000 பேர் உட்காரும் இடத்தில் 20,000 பேர் இருந்தால் டி.வி.யில் பார்க்கிறவருக்குக் காலி நாற்காலிதான் தெரியும்.

இதைவிடப் பெரிய குறை தூரம். யு.சி.எல்.ஏ. அணி பல பத்தாண்டுகளாக ஆடிவந்த ரோஸ் பௌல், வளாகத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அதுவும் லாஸ் ஏஞ்சலிஸ் டிராஃபிக்கில். பஸ் விட்டாலும் பாதி மாணவர்கள் விடுதியிலேயே டி.வி. போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். மினசோட்டா பல்கலைக்கழகம் 1982-இல் வளாகத்தை விட்டு நகரத்து மெட்ரோடோம் ஸ்டேடியத்துக்குப் போனது. 2009-இல் 28.85 கோடி டாலரில் 50,805 இருக்கைகளோடு வளாகத்திலேயே புதிதாகக் கட்டித் திரும்பி வந்தது. நடந்து போகும் தூரத்தில் ஆட்டம் என்பதுதான் 'வளாகத்துக்குள்' என்ற சொல்லின் உண்மையான லாபம். மற்ற லாபங்களையெல்லாம் பென்சிலும் பேப்பரும் எடுத்துச் சரிபார்க்கவேண்டும்.

வாடகைக்கும் ஒரு சௌகரியம் உண்டு. கூரை ஒழுகினால் அது உங்கள் தலைவலி இல்லை.

எவ்வளவு செலவாகும்?

ஒரு இருக்கைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்ப்பதுதான் நல்ல அளவுகோல். சென்ட்ரல் ஃபுளோரிடா 2007-இல் சுமார் 5.5 கோடி டாலரில் 45,000 இருக்கை கட்டியது. இருக்கைக்கு 1,200 டாலர் சொச்சம். ஆக்ரன் 2009-இல் 30,000 இருக்கை, 6.16 கோடி, சுமார் 2,050. சான் டியேகோ ஸ்டேட் 2022-இல் 35,000 இருக்கை, 31 கோடி, ஏறக்குறைய 8,900. சௌத் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் அறங்காவலர்கள் 2023-இல் ஒப்புதல் கொடுத்த 35,000 இருக்கைத் திட்டம் 34 கோடி, 9,700. நார்த்வெஸ்டர்ன் பழைய ரையன் ஃபீல்டை இடித்துவிட்டு எழுப்பும் 35,000 இருக்கை ஸ்டேடியத்துக்கு அறிவித்த மதிப்பு 85 கோடி. அது இருக்கைக்கு 24,000 டாலரைத் தாண்டுகிறது. பெருங்கொடையாளர் குடும்பம் ஒன்று பின்னால் நிற்பதால் அவர்களுக்குச் சாத்தியம். அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ளக் கூடாது.

அறிவிப்பில் வரும் தொகையில் வழக்கமாக விட்டுப்போகிறவை: கழிவுநீர்க் குழாயைப் பெரிதாக்குவது, சாலைச் சந்திப்புகளை மாற்றுவது, அந்த இடத்தில் இப்போது இருக்கும் பார்க்கிங்கையும் பயிற்சி மைதானத்தையும் வேறிடத்தில் கட்டுவது, பழைய ஸ்டேடியத்தை இடிப்பது, கட்டி முடிக்கும்வரை ஓடும் வட்டி. மதிப்பீட்டுத் தாளில் இந்த ஐந்துக்கும் தனித்தனி வரி இல்லையென்றால் அதைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

பழைய நிலத்தை விற்று ஈடுகட்டுவோம் என்பதையும் நம்பி இறங்கவேண்டாம். கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகம் 2017-இல் வளாகத்துக்குள் புது ஸ்டேடியம் திறந்தது. ஊர் ஓரத்தில் இருந்த பழைய ஹியூஸ் ஸ்டேடிய நிலத்தில் வீடுகள் கட்டவிடலாம் என்பது திட்டம். 2021-இல் ஃபோர்ட் காலின்ஸ் வாக்காளர்கள் அது திறந்தவெளியாகவே இருக்கட்டும் என்று ஓட்டுப் போட்டுவிட்டார்கள்.

கடனை அடைக்க முடியுமா? கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

20 கோடி டாலர் கடன், 30 வருடம், 5 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். வருடா வருடம் ஒரே அளவாகக் கட்டினால் தவணை சுமார் 1.3 கோடி டாலர். முப்பது வருடத்தில் கட்டி முடிப்பது 39 கோடி. வருடம் 6 ஆட்டம் என்றால், ஓர் ஆட்டத்துக்குக் கடனுக்காக மட்டும் 21.7 லட்சம் டாலர் எடுத்துவைக்கவேண்டும். காசு கொடுத்து வருகிறவர் 20,000 பேர் என்றால் ஒரு டிக்கெட்டில் 108 டாலர் கடனுக்கே போய்விடும். நடுத்தர அணி ஒன்றின் சாதாரண டிக்கெட்டை அந்த விலைக்கு விற்க முடியாது.

அதனால்தான் சூட், வசதி கூடிய கிளப் இருக்கை, ஸ்டேடியத்துக்கு ஒரு கம்பெனியின் பெயரை வைக்கும் உரிமை எல்லாம் வருகின்றன. உதாரணத்துக்கு, 30 சூட் தலா 50,000 டாலருக்குப் போனால் 15 லட்சம். 1,500 கிளப் இருக்கை தலா 2,000-க்குப் போனால் 30 லட்சம். பெயர் உரிமைக்குக் கொலராடோ ஸ்டேட்டுக்குக் கிடைத்தது 15 வருடத்துக்கு 3.77 கோடி, அதாவது வருடத்துக்கு 25 லட்சம். ஆக 70 லட்சம். மீதி 60 லட்சத்தை டிக்கெட்டில் பிரித்தால் தலைக்கு 50 டாலர். அணி இரண்டு சீசன் தோற்று, 20,000 பேர் 15,000 ஆகிவிட்டால் அதே 50 டாலர் 67 ஆகும். போலீஸ், ஆம்புலன்ஸ், வழிகாட்டும் ஆட்கள், துப்புரவு ஆகிய செலவுகளை இன்னும் தொடவே இல்லை.

இந்தக் கணக்கில் எல்லோரும் தவறுகிற இடம் ஒன்று இருக்கிறது. வாடகை மைதானத்தில் ஆடியபோது வந்த டிக்கெட் வருமானம் ஏற்கெனவே பயிற்சியாளர் சம்பளத்துக்கும் உதவித்தொகைக்கும் போய்க்கொண்டிருக்கிறது. அதைத் தூக்கிக் கடனுக்குக் காட்ட முடியாது. புது ஸ்டேடியத்தால் கூடுதலாக வரும் பணம் எவ்வளவோ அதை மட்டுமே எண்ணவேண்டும். ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையில் 'மொத்த வருமானம்' என்ற தலைப்பு இருந்தால், கூடுதல் வருமானம் எங்கே என்று முதலில் கேளுங்கள்.

2025-இல் இன்னொரு சுமையும் சேர்ந்தது. கல்லூரி வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒவ்வொரு கல்லூரியும் 2025-26-இல் தன் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாக மொத்தம் 2.05 கோடி டாலர் வரை கொடுக்கலாம். 'கொடுக்கலாம்' என்றுதான் விதி. போட்டிக் கல்லூரி கொடுத்தால் நீங்களும் கொடுத்தாகவேண்டும். தவணைக்கும் இதற்கும் ஒரே கஜானா.

நன்கொடையிலேயே கட்டிவிடலாம் என்கிறார்களே?

தருவதாக வாக்குக் கொடுத்த தொகை வேறு, கைக்கு வந்த தொகை வேறு. பெரிய நன்கொடைகள் பெரும்பாலும் பல வருடத் தவணைகளாக வரும். ஒப்பந்ததாரருக்கோ மாதாமாதம் பில் கட்டவேண்டும். இடைவெளிக்குத் தனிக் கடன், அதற்குத் தனி வட்டி. கையெழுத்தான உறுதிமொழி, வாய்மொழி உறுதி, 'வரும் என்று எதிர்பார்ப்பது' என மூன்று பத்தியாகப் பிரித்துத் தரச்சொல்லுங்கள்.

வரிச் சட்டமும் மாறிவிட்டது. இருக்கை வாங்கும் உரிமைக்காகக் கொடுக்கும் நன்கொடையில் 80 சதவீதத்தை முன்பு வரியில் கழித்துக்கொள்ளலாம். 2017-இன் வரிச் சட்டம் அதை அடியோடு எடுத்துவிட்டது. அதற்கு முந்தைய வருடங்களின் நன்கொடை வேகத்தை வைத்துப் போட்ட கணிப்பு செல்லாது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் நடந்தது பாடப்புத்தகத்தில் வைக்கவேண்டிய உதாரணம். 1923-இல் கட்டிய மெமோரியல் ஸ்டேடியத்தின் அடியில் ஹேவர்ட் நிலநடுக்கப் பிளவு ஓடுகிறது. 32 கோடி டாலர் செலவில் பலப்படுத்தி 2012-இல் மறுபடி திறந்தார்கள். பிளவு கடக்கும் இரு இடங்களில் இருக்கைப் பகுதியை மற்றவற்றிலிருந்து வெட்டிப் பிரித்து, நிலம் நகர்ந்தால் தனியாக நகரும்படி அமைத்தார்கள். பொறியியல் அபாரம். பண ஏற்பாடுதான் கவிழ்ந்தது. நல்ல இருக்கைகளைப் பல பத்தாண்டு உரிமையாகப் பெருந்தொகைக்கு விற்றுக் கடனை அடைக்கலாம் என்பது திட்டம். எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. கடைசியில் கடனின் பெரும்பகுதியை விளையாட்டுத் துறையின் தோளிலிருந்து எடுத்துப் பல்கலைக்கழகமே சுமக்க வேண்டியதாயிற்று.

பெயர் உரிமையை ஒரு கம்பெனிக்கு விற்பதில் என்ன சிக்கல் வரும்?

வரிவிலக்குள்ள கடன் பத்திரத்தில் கட்டினால் சிக்கல் உண்டு. அரசுப் பல்கலைக்கழகம் என்றால், பத்திரப் பணத்தில் கட்டியதில் 10 சதவீதத்துக்கு மேல் தனியார் வணிகப் பயன்பாட்டுக்குப் போய், அந்தத் தனியார் பணத்திலேயே கடனும் அடைபட்டால் வரிவிலக்கு போய்விடும். லாபநோக்கற்ற தனியார் பல்கலைக்கழகத்துக்கு அந்த எல்லை 5 சதவீதம்தான். பெயர் உரிமை, சாப்பாட்டுக் கடை ஒப்பந்தம், தொழில்முறை அணிக்கு வாடகை எல்லாம் இந்தக் கணக்கில் சேரக்கூடியவை. எனவே ஒரு பகுதியை வரியுள்ள பத்திரமாக, கூடுதல் வட்டிக்கு, விற்பார்கள். ஸ்பான்சரோடு கையெழுத்துப் போடும் முன் பத்திர வழக்கறிஞரைக் கேட்கவேண்டும். போட்டபின் கேட்டால் பத்திர அமைப்பையே மாற்றவேண்டி வரும்.

மாணவர் கட்டணத்தை உயர்த்துவது நியாயமா?

வாக்கெடுப்பு நடத்தி உயர்த்தினால் வாதமாவது இருக்கும். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2012-இல் மாணவர்களே செமஸ்டருக்கு 45 டாலர் கூடுதல் கட்டணத்துக்குச் சம்மதித்து ஓட்டுப் போட்டார்கள். 2014-இல் 40,000 இருக்கை ஸ்டேடியம் வந்தது. 25,000 மாணவர் உள்ள இடத்தில் அதே கட்டணம் வருடத்துக்கு 22.5 லட்சம் டாலர் தரும். ஓட்டுப் போடும் மாணவர் ஸ்டேடியம் திறக்கும்முன்பே பட்டம் வாங்கிப் போய்விடுவார். கட்டணத்தைக் கட்டப்போவது இன்று எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை. ஆகவே தீர்மானத்தில் கட்டணம் முடியும் வருடத்தை எழுதியே ஆகவேண்டும். ஆன்லைன் வகுப்பு மட்டும் எடுப்பவருக்கு விலக்கு உண்டா என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.

எத்தனை இருக்கை போதும்?

'அறிவிக்கப்பட்ட வருகை'யைப் பார்க்காதீர்கள். அது விற்ற, இலவசமாகக் கொடுத்த டிக்கெட் எல்லாம் சேர்ந்த எண். வாசலில் ஸ்கேன் ஆன டிக்கெட் எத்தனை என்று கடந்த ஐந்து சீசனுக்குக் கேளுங்கள். ஆட்டத்துக்கு ஆட்டம், மழை பெய்த நாளுக்கும் சேர்த்து. அந்தச் சராசரிக்கு மேல் கொஞ்சம் கூட்டிக் கட்டி, ஒரு முனையை விரிவாக்கத்துக்குத் திறந்தே விடுவது எங்கள் யோசனை. விரிவாக்கத்துக்கு வேண்டிய அஸ்திவாரத்தையும் குழாய்களையும் இப்போதே போட்டுவிட்டால், பிறகு இருக்கை சேர்ப்பது பாதி வேலைதான்.

முன்பு எஃப்.பி.எஸ்.-இல் நீடிக்கச் சராசரி 15,000 பேர் வரவேண்டும் என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி இருந்தது, அதைக் காட்டிப் பெரிதாகக் கட்டச் சொல்வார்கள். 2023-இல் அந்த விதியை நீக்கிவிட்டார்கள். அந்த வாதம் இனி வேகாது.

இடம் எவ்வளவு வேண்டும்? எந்தத் திசையில் வைப்பது?

35,000 இருக்கைக்குக் கட்டடம் மட்டும் சுமார் 12 முதல் 15 ஏக்கர். அதன் பிறகுதான் பார்க்கிங் பூதம் கிளம்பும். மூன்று பேருக்கு ஒரு கார் என்றாலும் 10,000 காருக்கு மேல். வழித்தடம் சேர்த்து ஒரு காருக்கு 330 சதுர அடி என்றால் 75 ஏக்கர். வளாகத்தில் வகுப்பு நாள் பார்க்கிங் இருக்கிறதே, சனிக்கிழமை அது காலிதானே என்பார்கள். ஓரளவு உண்மை. வியாழன், வெள்ளி இரவு ஆட்டம் வைத்தால் அன்று மதிய வகுப்புகளையும் அலுவலகத்தையும் மூடவேண்டி வரும். எத்தனை வாரநாள் ஆட்டம் என்பதை டி.வி. ஒப்பந்தம்தான் தீர்மானிக்கும், பல்கலைக்கழகம் இல்லை.

நீளவாட்டம் வடக்கு தெற்காக இருக்கவேண்டும். இல்லையென்றால் மாலை ஆட்டத்தில் ஒரு அணியின் கண்ணில் வெயில் நேராக விழும். பத்திரிகையாளர் அறையும் கேமராக்களும் மேற்கில், வெயிலுக்கு முதுகு காட்டி. அதே மேற்குப் பக்கத்துக்கு முதலில் நிழல் விழும் என்பதால் அதிக விலை இருக்கைகளும் அங்கேதான். வளாகத்து நிலம் கோணலாக இருக்கிறதென்று கிழக்கு மேற்காகத் திருப்புகிற வரைபடம் வந்தால் சம்மதிக்காதீர்கள்.

ஆடுகளத்தைத் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாக அமைத்தால் வெளியிலிருந்து கட்டடம் தாழ்வாகத் தெரியும், அக்கம்பக்கத்தாருக்குப் பிடிக்கும். ஆனால் 10 ஏக்கர் கிண்ணத்தில் ஒரு அங்குல மழை என்றால் 10 லட்சம் லிட்டர் தண்ணீர். அது தானாக வெளியே ஓடாது. பம்ப் வேண்டும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் வேண்டும். நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்த இடத்தில் இந்த யோசனையே வேண்டாம்.

கழிவறை, குடிநீரில் என்ன தவறு நடக்கும்?

படத்தில் கண்ணுக்குத் தெரியாது. திறப்பு விழா அன்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பின்படி, ஸ்டேடியத்தில் பெண்களுக்கு முதல் 1,520 பேருக்கு 40 பேருக்கு ஒன்று, அதற்கு மேல் 60 பேருக்கு ஒன்று. ஆண்களுக்கு முதல் 1,500 பேருக்கு 75-க்கு ஒன்று, மேலே 120-க்கு ஒன்று. 35,000 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்தால் பெண்களுக்கு 300 சொச்சம், ஆண்களுக்கு 150 சொச்சம்.

இது போதுமா? கல்லூரி ஆட்டத்தில் இடைவேளை 20 நிமிடம். 17,500 பெண்களில் மூன்றில் ஒருவர் அப்போது எழுந்து போனால் ஒரு கழிவறைக்கு 19 பேர். தலைக்கு ஒரு நிமிடம் மூன்று விநாடி. அதற்குள் முடியுமா என்று உங்களுக்கே தெரியும். சட்டம் சொல்வது குறைந்தபட்சம். அதோடு நிறுத்தினால் மூன்றாம் கால்பகுதி முழுக்க வரிசை நிற்கும், வரிசையில் நிற்பவர் கடையில் எதுவும் வாங்கமாட்டார். அத்தனை ஃபிளஷும் ஒரே நேரத்தில் இறங்கும்போது தெருக் குழாய் தாங்குமா என்பதை நகராட்சியிடம் எழுத்தில் வாங்குங்கள்.

குடிநீர்க் குழாய்க்கு அதே விதி 1,000 பேருக்கு ஒன்று. சென்ட்ரல் ஃபுளோரிடாவின் ஸ்டேடியம் 2007 செப்டம்பரில் திறந்தபோது உள்ளே ஒரு குடிநீர்க் குழாய்கூட இல்லை. ஃபுளோரிடா வெயில், கடைகளில் பாட்டில் தண்ணீர் தீர்ந்துபோனது, பலர் மயங்கி விழுந்தார்கள். பிறகுதான் குழாய்கள் வந்தன.

குளிர் ஊர்களில் பிரச்சினை வேறு மாதிரி. நவம்பர் கடைசி ஆட்டம் முடிந்ததும் குழாய்களில் உள்ள தண்ணீரை வடித்து, கம்ப்ரசரால் காற்றடித்துக் காலி செய்யவேண்டும். இல்லையென்றால் உறைந்து வெடிக்கும். அதற்காகக் குழாய்களைச் சரிவாகப் போட்டு, மிகத் தாழ்ந்த இடங்களில் வால்வு வைக்கவேண்டும். சாம்பியனைத் தீர்மானிக்கும் 12 அணி பிளேஆஃப் போட்டி 2024 சீசனில் வந்ததிலிருந்து முதல் சுற்று ஆட்டங்கள் டிசம்பரில் வளாகங்களிலேயே நடக்கின்றன. அந்தக் கனவு இருந்தால் கழிவறைகளுக்கு ஹீட்டரையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

ரசிகர்கள் குதித்தால் ஸ்டேடியம் ஆடுமா?

ஆடும். கூட்டம் பாட்டுக்குச் சேர்ந்து குதிப்பது விநாடிக்கு இரண்டு மூன்று தடவை. கட்டமைப்பின் இயல்பான அதிர்வு அந்த வேகத்துக்கோ அதன் மடங்குக்கோ பக்கத்தில் இருந்தால் ஊஞ்சல் மாதிரி ஏறும். எடை குறைந்த எஃகுச் சட்டமும் அலுமினிய பெஞ்சும் இதற்கு வாகானவை. மேலே சொன்ன சென்ட்ரல் ஃபுளோரிடா ஸ்டேடியத்துக்கு 'பௌன்ஸ் ஹவுஸ்' என்று பெயர் வந்ததே அதனால்தான். உடைந்துவிடும் என்று அர்த்தமில்லை, ஆனால் பயம் வரும். மாணவர் பகுதிக்கு மட்டுமாவது முன்வார்ப்புக் கான்கிரீட் படிகள் போடுவது நல்லது.

கான்கிரீட் படிக்கும் ஒரு நோய் உண்டு. படிக்கும் படிக்கும் நடுவே உள்ள இணைப்பில் அடைக்கும் சீலன்ட் சுமார் பத்து வருடத்தில் வெடித்துவிடும். கீழே வெறும் நடைபாதை என்றால் கவலையில்லை. வகுப்பறையோ உடைமாற்றும் அறையோ இருந்தால் மழைத்தண்ணீர் மேஜைமேல் சொட்டும். இருக்கைக்கு அடியில் அறை கட்டுவதென்றால் தனி நீர்த்தடுப்பு அடுக்கு போடச்சொல்லுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு?

அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டமான ஏ.டி.ஏ.-படி 5,000 இருக்கைக்கு மேல் போனால் சக்கர நாற்காலி இடம் 36, அதற்கு மேல் ஒவ்வொரு 200 இருக்கைக்கும் ஒன்று. 35,000-க்கு 186. ஒவ்வொன்றின் பக்கத்திலும் துணைக்கு ஓர் இருக்கை. ஒரே மூலையில் குவிக்கக் கூடாது. முன்வரிசைக்காரர் எழுந்து நின்றாலும் ஆட்டம் தெரியவேண்டும். தவறுவது பெரும்பாலும் இதில்தான்.

புல்லா, செயற்கைத் தரையா?

ஆறு ஆட்டத்துக்கு மட்டும் என்றால் புல் போதும். பேண்டு வாத்தியப் பயிற்சி, மாணவர் விளையாட்டு, பட்டமளிப்பு என்று தினமும் மிதித்தால் புல் தாங்காது. செயற்கைத் தரை 8 முதல் 12 வருடம் உழைக்கும். பிறகு உரித்துப் புதிது போடவேண்டும், அதற்கு வருடா வருடம் பணம் ஒதுக்கவேண்டும். வெயிலில் அதன் மேற்பரப்பு 65 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். இடையில் நிரப்பும் ரப்பர் துகள் இறுகினால் தரை கல்லாகும். கடினத்தை அளக்கும் ஜிமேக்ஸ் எண் 200-ஐ எட்டினால் அங்கே விளையாட விடக்கூடாது. சீசனுக்கு முன் சோதனை அறிக்கை கட்டாயம்.

மீதி 350 நாள் என்ன செய்வது?

'வருடம் முழுக்கக் கச்சேரி' என்று விளம்பரப் படத்தில் இருக்கும். வளாக ஸ்டேடியங்களில் நடப்பது வருடத்துக்கு ஒன்றிரண்டு, பல வருடங்களில் அதுவும் இல்லை. கச்சேரிக் குழு தேடுவது லாரி நேரே உள்ளே வரும் வழியும், மேடைப் பாரம் தாங்கும் தரையும்தான். ஒரு மூலையில் 14 அடி உயர நுழைவழி வைக்காத ஸ்டேடியத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

நம் கால்பந்தையும் ஆடவைக்கலாமே என்றால், அதற்கு 68 மீட்டர் அகலம் வேண்டும். அமெரிக்க ஆடுகளமோ 49 மீட்டர்தான். பக்கவாட்டு இடைவெளி சேர்த்து இரு பக்க முன்வரிசைகளுக்கு நடுவே 76 மீட்டராவது விடவேண்டும். விட்டால் ஃபுட்பால் ரசிகர் ஆட்டத்திலிருந்து தள்ளிப்போவார். இரண்டில் எது முக்கியம் என்பதை வரைபடம் போடும் முன்பே முடிவுசெய்யவேண்டும், கட்டியபின் மாற்ற முடியாது.

உருப்படியான வழி, ஸ்டேடியத்தின் உடம்பிலேயே வகுப்பறையும் மாணவர் சேவை அலுவலகமும் வைப்பது. கொலராடோ ஸ்டேட் அப்படிச் செய்தது. எப்படியும் கட்டவேண்டிய அறைகள்; அவற்றின் செலவை ஸ்டேடியக் கணக்கில் ஒளிக்காமல் தனியாகக் காட்டினால் போதும்.

அக்கம்பக்கத்தார் எதிர்த்தால்?

எதிர்ப்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதிக்கு மேல் சரியாகவும் இருக்கும். ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகம் 35,000 இருக்கை ஸ்டேடியத்தை வடக்கு ஃபிலடெல்ஃபியாக் குடியிருப்புகளுக்கு நடுவே கொண்டுவர முயன்றது. 2018 மார்ச்சில் கூட்டிய ஊர்க்கூட்டமே கூச்சலில் கலைந்தது. ஸ்டேடியம் வரவில்லை, அணி வாடகை மைதானத்திலேயே ஆடுகிறது. திட்டத்தை முடித்துவைத்துவிட்டுக் கருத்துக் கேட்டால் இப்படித்தான்.

ஒலிக்குச் செய்யக்கூடியது: ஒரு முனையில் ராட்சத ஸ்பீக்கர் கொத்து வைக்காமல், இருக்கைகளுக்கு மேலே சின்னச் சின்னதாகப் பிரித்து, கூட்டத்தை நோக்கிச் சாய்த்து வைப்பது. விளக்குக்கு மறைப்புள்ள எல்.இ.டி.; அணைக்கும் நேரம் ஒப்பந்தத்தில் எழுத்தில். தெருவில் குடியிருப்போருக்கு மட்டும் பார்க்கிங் அனுமதிச் சீட்டு, ஆட்டம் முடிந்த மறுநாள் காலைக்குள் துப்புரவு. வருடத்துக்கு எத்தனை இரவு நிகழ்ச்சி என்ற உச்சவரம்பு. இவை அதிகச் செலவில்லாதவை, முன்கூட்டியே கொடுத்தால் மதிப்பு உண்டு.

ஸ்டேடியம் வந்தால் விண்ணப்பங்கள் கூடுமா, ஊருக்கு வியாபாரம் வருமா?

1984-இல் பாஸ்டன் காலேஜின் டக் ஃபுளூட்டி கடைசி நொடியில் எறிந்த பந்தால் வென்றபின் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பங்கள் கூடியதை 'ஃபுளூட்டி விளைவு' என்பார்கள். கவனியுங்கள், கூட்டியது வெற்றி. கான்கிரீட் இல்லை. ஊர் வியாபாரத்தைப் பற்றிப் பொருளாதார ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்வது ஒன்றுதான்: ஹோட்டலுக்கு ஆறு நல்ல சனிக்கிழமை கிடைக்கும், அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்கவேண்டாம்.

அப்படியானால் உங்கள் முடிவுதான் என்ன?

கட்டலாம். ஆனால் பாதி இருக்கை காலியாக இருந்தாலும் தவணை கட்ட முடிகிற அளவுக்கு மட்டும். கையெழுத்தான நன்கொடையும் ஒப்பந்தமான வருமானமும் சேர்ந்து அதைக் காட்டாவிட்டால், வாடகை ஒப்பந்தத்தை மறுபேச்சுப் பேசி, பார்க்கிங்கிலும் சாப்பாட்டுக் கடையிலும் பங்கு கேட்பதே புத்திசாலித்தனம். அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் பிரிவுக்கு அறங்காவலர்கள் 2011-இல் வளாக ஸ்டேடியத்தை மறுத்தார்கள். 2021-இல் நகரத்தில் கட்டிய புது ஸ்டேடியத்துக்கு அணி போய்ச் சேர்ந்தது. அதுவும் ஒரு வழிதான்.

அறங்காவலர் கூட்டத்துக்கு முன் எவற்றைக் கேட்டு வாங்குவது?

ஐந்து சீசனின் ஸ்கேன் கணக்கு. மூன்று பத்தியாகப் பிரித்த நன்கொடைப் பட்டியல். கூடுதல் வருமானத்தை மட்டும் காட்டும் அறிக்கை, வருகை 25 சதவீதம் குறைந்தால் என்ன ஆகும் என்ற பக்கத்தோடு. பற்றாக்குறை வந்தால் எந்தக் கணக்கிலிருந்து எடுப்பார்கள் என்பதைப் பெயர் சொல்லி எழுதிய ஒரு வரி. 'பல்கலைக்கழகத்தின் பிற நிதி' என்று எழுதியிருந்தால் அது கல்விக் கட்டணம் என்று படிக்கவும்.

கடைசியாகக் கால அட்டவணை. அகழ்விலிருந்து திறப்புவரை சுமார் இரண்டு வருடம் ஆகும், கெடுவோ அசையாது. ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை எதிரணி வந்து நிற்கும். எஃகு தாமதமாகும், மழை வரும், தீயணைப்புத் துறையின் அனுமதி கடைசி வாரம்வரை இழுக்கும். பழைய மைதானத்தின் வாடகை ஒப்பந்தத்தை முதல் இரண்டு ஆட்டங்களுக்காவது உயிரோடு வைத்திருங்கள்.